டேங்க் மாடலுக்கு வெதரிங்: பிரைமர்லேர்ந்து கடைசி மண் வரைக்கும், எதுக்கு அப்புறம் எது

கிட் ஒட்டி முடிச்சாச்சு, டேங்க் மேசை மேல பிளாஸ்டிக் கலர்லயே நிக்குது. இனிமேதான் பெயின்ட், அப்புறம் ஓடித் தேஞ்ச நிஜ வண்டி மாதிரி அழுக்கு, துரு, மண்ணு எல்லாம், அதைத்தான் வெதரிங்னு சொல்றோம். புதுசா வர்றவங்க நிறைய பேர் இந்த இடத்துலதான் தடுமாறுறாங்க. கை சரியில்லன்னு இல்ல, வரிசை தப்பாயிடுது. கடைசில போட வேண்டியதை நடுவுல போட்டுடறாங்க, ஒரு கோட் காயறதுக்குள்ள அடுத்ததை ஏத்திடறாங்க, மூணு வாரம் உக்காந்து ஒட்டின மாடல் ஒரே ராத்திரில பாழாயிடுது. அதனால ஒவ்வொரு ஸ்டெப்பும் ஏன் அந்த இடத்துல வருதுன்னு சேத்தே எழுதறேன். 1/35 அளவு டேங்கை (நிஜ வண்டில 35ல ஒரு பங்கு) மனசுல வெச்சு எழுதினது இது, 1/48க்கும் 1/72க்கும் வரிசை இதேதான்.

1. உக்காரறதுக்கு முன்னாடி எடுத்து வெக்க வேண்டியது

நடுவுல எழுந்து போய் தேடற மாதிரி வெச்சுக்காதீங்க. வாஷ் (தண்ணியா கரைச்ச டார்க் பெயின்டைக் கோட்டுலயும் போல்ட்டைச் சுத்தியும் ஓடவிடறது) மாதிரி சில வேலைல ரொம்ப நேரம் விட்டுட்டா பெயின்ட் இறுகிடும், அப்புறம் தொடைக்கறது கஷ்டம்.

ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயின்டைத் தூவற கருவி) இருந்தா 0.3 மிமீ நாசில் போதும். இல்லன்னாலும் பரவால்ல, பிரைமரும் (பெயின்ட் பிடிக்கறதுக்கு முதல்ல அடிக்கற கோட்) பேஸ் கோட்டும் (வண்டியோட அடிப்படை கலர்) ஸ்ப்ரே கேன்ல அடிச்சுட்டு மீதியை பிரஷ்லயே முடிக்கலாம், வெதரிங்ல பெரும்பாலும் பிரஷ் வேலைதான். முனை நல்லா கூரா நிக்கிற 0 நம்பர் பிரஷ் ஒண்ணு, மிருதுவான ஃப்ளாட் பிரஷ் ஒண்ணு, முடி குட்டையா தேஞ்சு போன பழைய பிரஷ் ரெண்டு மூணு. அக்ரிலிக்குக்கு ஒரு செட், ஒயிட் ஸ்பிரிட்டுக்கு (எனாமல், ஆயில் பெயின்டுக்கான தின்னர்) தனி செட், ரெண்டையும் கலக்காதீங்க.

பெயின்ட் பக்கம் லாக்கர் பிரைமர், அக்ரிலிக் கலர்கள், க்ளாஸ் வார்னிஷ் (பளபளப்பு), சாட்டின் வார்னிஷ் (பாதிப் பளபளப்பு), மேட் வார்னிஷ் (பளபளப்பே இல்லாதது), டார்க் பிரவுன் எனாமல் வாஷ். ஆயில் பெயின்ட்ல நாலு ட்யூப்: ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், வெள்ளை. பிக்மென்ட் பவுடர் (தூசி, மண்ணுக்குப் போடற கலர்த்தூள்) மூணு கலர், வாசனை கம்மியான ஒயிட் ஸ்பிரிட், பார்சல்ல வர்ற ஸ்பாஞ்ச் துண்டு, 6பி பென்சில், காட்டன் பட்ஸ். இருபது பாட்டில் செட்டெல்லாம் ஆரம்பத்துல வேண்டவே வேண்டாம்.

மாஸ்க்கை விட்டுடாதீங்க. ஸ்ப்ரே பண்றப்போ ஆர்கானிக் வேப்பர் ஃபில்டர் போட்ட மாஸ்க், ஜன்னல் தொறந்திருக்கணும். துணி மாஸ்க் லாக்கர் ஆவியைத் தடுக்காது. பிக்மென்ட் பவுடரும் மூக்குல ஏறும், அதுக்கு டஸ்ட் மாஸ்க் போதும்.

2. எந்தத் தின்னர் எதைக் கரைக்கும்

இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா பாதி தப்பு தானா நின்னுடும். லாக்கர் தின்னர் எல்லாத்தையும் கரைக்கும். ஆல்கஹால் சேந்த அக்ரிலிக் தின்னர் அக்ரிலிக்கைக் கரைக்கும். ஒயிட் ஸ்பிரிட் எனாமலையும் ஆயில் பெயின்டையும் கரைக்கும், ஆனா நல்லா காஞ்ச அக்ரிலிக்கையோ லாக்கரையோ ஒண்ணும் பண்ணாது.

அப்போ வரிசை தானா வந்துடுது பாருங்க. அடில லாக்கர், அதுக்கு மேல அக்ரிலிக், அதுக்கும் மேல எனாமலும் ஆயிலும். மேல இருக்கறதை ஒயிட் ஸ்பிரிட் தொட்டு எத்தனை தடவை அழிச்சு எழுதினாலும் கீழ இருக்கற கலர் அப்படியே நிக்கும். தைரியமா வேலை பண்ண முடியறதே இதனாலதான்.

பேஸ் கோட்டையே எனாமல்ல அடிச்சுட்டு மேல எனாமல் வாஷ் போடறவங்க நிறைய. தொடைக்கறப்போ பேஸ் கலரும் சேந்து கழண்டு வந்துடும். ஏற்கனவே எனாமல்ல அடிச்சுட்டீங்கன்னா சில நாள் நல்லா காயவிட்டு மேல அக்ரிலிக் க்ளாஸ் அடிச்சு மூடிடுங்க, அப்புறம் மேல போங்க.

இன்னொரு விஷயம், கிட் பிளாஸ்டிக்கும் ஒயிட் ஸ்பிரிட்டும். பெயின்ட் படாத இடத்துல, அதுவும் இறுக்கமா ஒட்டின ஜாயின்ட்ல ஒயிட் ஸ்பிரிட் தேங்குச்சுன்னா பிளாஸ்டிக் மொறமொறன்னு ஆயிடும். என்னோட ஒரு மாடல்ல சஸ்பென்ஷன் ஆர்முக்குப் (வீலைத் தாங்கற கை) பின்னாடி வாஷ் குளம் மாதிரி தேங்கி நின்னுச்சு, கவனிக்காம விட்டுட்டேன். மறுநாள் ட்ராக் (வீலைச் சுத்தி ஓடற சங்கிலிப்பட்டை) மாட்டறப்போ படக்னு நாலு ஆர்ம் ஒடஞ்சு கையோட வந்துடுச்சு. அதுக்கப்புறம் அடிப்பகுதிக்கும் ஒழுங்கா பிரைமர் அடிக்காம நான் வாஷ் பாட்டிலைத் தொறக்கறதில்ல.

3. வண்டி எங்க நின்னுச்சு, எத்தனை நாள் ஓடுச்சு

பெயின்ட் தொடறதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணுங்க. வறண்ட தூசியா, ஈர மண்ணா, பனியா? வண்டி வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சா, ரெண்டு வருஷமா? இதுக்குப் பதில் இல்லாம ஆரம்பிச்சா தெரிஞ்ச டெக்னிக் எல்லாத்தையும் ஒரே வண்டில கொட்டுவீங்க, பாலைவனத் தூசியும் சேறும் ஒண்ணா நிக்கும், பாக்கறவங்களுக்கு ஏதோ சரியில்லன்னு மட்டும் தோணும்.

ஃபோட்டோ பாருங்க, அடுத்தவங்க மாடல் ஃபோட்டோ இல்ல, நிஜ வண்டி ஃபோட்டோ. வண்டியோட கதைலேர்ந்துதான் அடில என்ன கலர் எட்டிப்பாக்கும்னு தெரியும். 1941ல வட ஆப்பிரிக்காவுல இறங்கின ஜெர்மன் டேங்குகள் க்ரே கலர்ல போய் அங்கதான் மேல மணல் கலர் அடிச்சுக்கிட்டாங்க, அதனால அந்த வண்டில தேய்ஞ்ச இடத்துல க்ரே தெரியறது ரொம்ப நியாயம். 1943 பிப்ரவரிலதான் டார்க் யெல்லோ பொது பேஸ் கலரா ஆச்சு, மேல போடற பிரவுனும் பச்சையும் பேஸ்ட்டா கொடுத்து ஆளுங்களே கரைச்சு அடிச்சாங்க, அதான் ஒவ்வொரு வண்டி கேமோவும் (எதிரி கண்ணுக்கு மறையறதுக்குப் போடற கலர் திட்டுகள்) ஒவ்வொரு மாதிரி இருக்கு.

உலோகம் என்னன்னும் பாருங்க. எம்113ங்கற அமெரிக்கக் கவச வண்டிக்கு ஹல் (வண்டியோட உடம்பு) அலுமினியம். அதுல செங்கலர் துரு வழியற மாதிரி போட்டா அடிப்படையே தப்பு.

4. கழுவி, பிரைமர்

சோப்புத் தண்ணில மெதுவா கழுவி முழுசா காயவிடுங்க. அச்சுலேர்ந்து கழட்டறதுக்குப் போட்ட எண்ணெயும் நம்ம விரல் எண்ணெயும் இருந்தா பெயின்ட் அந்த இடத்துல பிடிக்காது, பின்னாடி மாஸ்கிங் டேப் எடுக்கறப்போ தோலா உரிஞ்சு வரும்.

டரெட் (பீரங்கியோட சுத்தற மேல்பாகம்), வீல், ட்ராக் எல்லாம் தனித்தனியா இருக்கட்டும். முடிஞ்ச வரைக்கும் கடைசிலதான் சேக்கணும், ஏன்னா வீலுக்குப் பின்னாடி பிரஷ் போகாது.

பிரைமர் ரெண்டு மெல்லிசு கோட். பிளாஸ்டிக், ரெசின், பித்தளை ஃபோட்டோ எட்ச் (மெல்லிசு தகட்டுல அரிச்சு எடுத்த சின்ன பாகங்கள்) மூணும் ஒரே கலருக்கு வரணும், மேல வர்ற பெயின்டுக்குப் பிடிப்பும் கிடைக்கணும். கூடவே ஒட்டின கோடு, உப்பின பசை எல்லாம் இப்போதான் கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சா இப்பவே தேச்சு சரி பண்ணுங்க, வாஷ் போட்டா அந்தக் கோடு இன்னும் தூக்கிக் காட்டும்.

5. பேஸ் கோட்: நினைக்கறதைவிட வெளுப்பா

பாட்டில்ல இருக்கற கலரை அப்படியே அடிச்சுடறது ரொம்ப சகஜமான தப்பு. மேல ஃபில்டர், வாஷ், ஆயில்னு ஒவ்வொண்ணும் ஏறறப்போ கலர் கொஞ்சம் கொஞ்சமா இருண்டுக்கிட்டே போகும். போதாக்குறைக்கு சின்ன பொருள்ல அதே கலர் பெருசுல தெரியறதைவிட டார்க்கா தெரியும். டாமியா கம்பெனியோட எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப் கலரை அப்படியே அடிச்சு முடிச்ச ஷெர்மன் (அமெரிக்க டேங்க்) கடைசில கிட்டத்தட்ட கறுப்பா நிக்கும். அதனால பஃப் (வெளுத்த மணல் கலர்) இல்லன்னா டார்க் யெல்லோ கொஞ்சம் கலந்து வெளுப்பாக்குங்க. பச்சைல வெறும் வெள்ளையைக் கலந்தா சாக்பீஸ் மாதிரி செத்த கலரா ஆயிடும், மஞ்சள் பக்கம் இழுத்தா உயிர் இருக்கும்.

டாமியா அக்ரிலிக்னா பெயின்டும் தின்னரும் பாதிக்குப் பாதி, ஏர்பிரஷ் காத்தழுத்தம் 15லேர்ந்து 20 பிஎஸ்ஐ. கப் சுவர்ல பிரஷால ஏத்தி விட்டா மெல்லிசு படலமா இறங்கணும், திட்டுத்திட்டா நின்னா இன்னும் கெட்டி. முதல்ல வண்டி முழுக்க ஒரே கலர், அப்புறம் அதுல இன்னும் கொஞ்சம் வெளுத்த கலரை மேல்பக்கத் தகடுகளோட நடுவுல மட்டும். வெயிலும் வெளிச்சமும் மேலேர்ந்துதான் விழும், அடிப்பக்கம் இருட்டாவே இருக்கட்டும். இந்த நேரத்துல பாக்க ரொம்ப ஓவரா, கார்ட்டூன் மாதிரி தெரியும். பயந்து சமன் பண்ணிடாதீங்க, பின்னாடி வர்ற லேயர்ஸ் அதைப் பாதியா அமுக்கிடும்.

ஒரு நாள் முழுசா காயவிடுங்க. தொட்டா ஒட்டலங்கறது வேற, காஞ்சுடுச்சுங்கறது வேற.

6. ஹேர்ஸ்ப்ரே சிப்பிங், வேணும்னா

சிப்பிங்னா மேல் பெயின்ட் பேந்து அடி தெரியற மாதிரி பண்றது. இது எல்லா வண்டிக்கும் தேவையில்ல, ஆனா வேணும்னா பேஸ் கோட்டுக்கு முன்னாடியே திட்டம் போட்டிருக்கணும், பின்னாடி நுழைக்க முடியாது. மேல சொன்ன வட ஆப்பிரிக்கா வண்டிக்கும், குளிர்காலத்துல மேல வெள்ளை பூசின வண்டிக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது.

அடில வர வேண்டிய கலரை, உதாரணத்துக்கு க்ரேயை, லாக்கர்ல அடிச்சு நல்லா காயவிடுங்க. அது மேல ரெண்டு மெல்லிசு கோட் ஹேர்ஸ்ப்ரே. அரை மணி நேரத்துக்குள்ள காஞ்சுடும். அதுக்கு மேல மணல் கலர் அக்ரிலிக், தண்ணி கலந்தோ சொந்தத் தின்னர் கலந்தோ அடிங்க. லாக்கர் தின்னர் கலந்தா பெயின்ட் கல்லு மாதிரி பிடிச்சுக்கும், சிப் ஆகாது.

அடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ளயே வேலையை ஆரம்பிங்க. ஒரு ஹேட்ச் அளவு இடத்தைத் தண்ணியால நனைச்சு அரை நிமிஷம் விட்டு, குட்டை முடி பிரஷால லேசா தட்டுங்க. தண்ணி உள்ள போய் ஹேர்ஸ்ப்ரேயை இளக்கும், மேல இருக்கற கலர் துளித்துளியா விட்டுக் குடுக்கும். தேய்க்காதீங்க, தட்டணும். போதும்னு தோணறதுக்கு ஒரு படி முன்னாடியே நிறுத்திட்டு, காயவிட்டு, வார்னிஷால மூடுங்க.

7. க்ளாஸ், டீகால்

டீகால் (தண்ணில ஊற வெச்சு ஒட்டற நம்பர், சின்னம்) ஒட்டப் போற இடத்துக்காவது க்ளாஸ் வார்னிஷ் கட்டாயம். மேட் பெயின்ட் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமா இருக்கும், டீகாலுக்கு அடில காத்து மாட்டிக்கும், வெளிச்சத்துல பாத்தா அந்த ஃபிலிம் வெள்ளி மாதிரி மின்னும். ஒரு தடவை மின்னிடுச்சுன்னா எடுக்கறது கஷ்டம். ஒட்டினதும் டீகால் சாஃப்ட்னர் தடவி விட்டா சுருங்கி, பயமுறுத்தி, அப்புறம் தானா படிஞ்சுடும், அந்த நேரத்துல விரலால தொடக்கூடாது. காஞ்சதும் மேல இன்னொரு மெல்லிசு க்ளாஸ் போட்டு ஓரம் தெரியாம மறைச்சிடுங்க.

நான் வண்டி முழுக்கவே க்ளாஸ் அடிச்சுடுவேன், காரணம் 9வது ஸ்டெப் பின் வாஷ்ல (ஊசி முனை மாதிரி தொட்டுப் போடற வாஷ்) வருது. ஒரு நாளாவது காயணும், ரெண்டு நாள்னா நிம்மதி.

8. ஃபில்டர்

வாஷையே இன்னும் தண்ணியா ஆக்கினதுதான், இருபதுல ஒரு பங்கு பெயின்ட், மீதி தின்னர். பிரஷை டிஷ்யூல ஒத்திட்டு ஈரம் தேங்காம வண்டி முழுக்க ஒரு தடவை ஓட்டுங்க. கேமோ கலர்கள் தனித்தனியா துருத்திக்கிட்டு நின்னா இது ஒண்ணோட ஒண்ணு சேத்துவிடும். ஒரே கலர் வண்டிக்கு நான் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போயிடுவேன்.

9. பின் வாஷ்: நிதானம் வேணும்

இங்கதான் புதுசா வர்றவங்க ரொம்ப அடிபடறாங்க. சமீபத்துல ஒருத்தர் கொண்டு வந்த டேங்கைப் பாத்தேன், பேஸ் கோட் அருமையா அடிச்சிருந்தார். மேட் மேல நேரா வாஷை பெரிய பிரஷால முழுக்கப் பூசிட்டார். டரெட் பக்கவாட்டுல அலை வந்து போன கரை மாதிரி வளையம் வளையமா கறை, தகடு எல்லாம் ஒரே காப்பிப்பொடி நிறம், போல்ட் ஒண்ணும் தனியா தெரியல. தொடைச்சுப் பாத்தும் போகல, மேட் பெயின்ட் அதைக் குடிச்சுடுச்சு.

க்ளாஸ் மேல போட்டா அதே வாஷ் வேற மாதிரி நடக்கும். கூர் பிரஷ்ல வாஷ் எடுத்து ஒரு போல்ட் அடில முனையை மட்டும் வைங்க. பாத்துக்கிட்டே இருக்கப்போ அது தானா ஓடி போல்ட்டைச் சுத்தி ஒரு மெல்லிசு வளையமா நின்னுடும். பேனல் கோட்டுல ஒரு ஓரத்துல வெச்சா அந்தக் கோடு முழுக்க ஓடும். நீங்க வரையறதே இல்ல, தொட்டுட்டு விடறீங்க, அவ்ளோதான்.

இன்னும் ஒரு சின்ன விஷயம் கை குடுக்கும். வேலை பண்ணப் போற இடத்தை மட்டும் முதல்ல சுத்தமான ஒயிட் ஸ்பிரிட்டால லேசா ஈரப்படுத்திக்கோங்க. வாஷ் இன்னும் சுலபமா ஓடும், ஓரத்துல கறைக்கரை நிக்காது.

கலர் விஷயத்துல கறுப்பு வேண்டாம். மஞ்சள், மணல் கலருக்கு நடுத்தர பிரவுன், பச்சைக்கு டார்க் பிரவுன், ஜெர்மன் க்ரேக்கு மட்டும் இன்னும் இருட்டு. கறுப்பு போட்டா கோடு போட்ட படம் மாதிரி தெரியும், நிழல் மாதிரி தெரியாது.

ஒரு பக்கம் முடிச்சு பத்துலேர்ந்து இருபது நிமிஷம் விடுங்க. அப்புறம் ஃப்ளாட் பிரஷை ஒயிட் ஸ்பிரிட்ல முக்கி, டிஷ்யூல நல்லா ஒத்தி, கிட்டத்தட்ட காஞ்ச பிரஷால மிச்சத்தை இழுத்து எடுங்க. நெட்டுத் தகட்டுல மேலேர்ந்து கீழ மட்டும்தான் இழுக்கணும், ஏன்னா மழைத்தண்ணி அப்படித்தான் வழியும், லேசா தடம் நின்னாலும் அது இயற்கையா இருக்கும். ஈரம் ஜாஸ்தியான பிரஷ்னா கோட்டுக்குள்ள இருக்கறதையும் சேத்து எடுத்துடும்.

முடிஞ்சதும் ஒரு நாள் விட்டு, மேல மெல்லிசா சாட்டின் வார்னிஷ். நிறைய பேர் விட்டுடற ஸ்டெப் இது. அடுத்து ஆயில் பெயின்டை ஒயிட் ஸ்பிரிட் தொட்டுத்தான் இழுக்கப் போறோம், வாஷும் அதே ஒயிட் ஸ்பிரிட்ல கரையறதுதான், நடுவுல மூடி போடலன்னா ராத்திரி முழுக்கப் போட்ட வாஷ் அடுத்த நாள் காணாமப் போயிடும். அதோட க்ளாஸ் மேல ஆயில் வழுக்கும், சாட்டின் மேல பிடிச்சு நிக்கும்.

10. ஸ்பாஞ்ச் சிப்பிங்

ரெண்டு கலர், ரெண்டு கட்டம். முதல்ல பேஸ் கலரையே நல்லா வெளுத்து வெச்சுக்கோங்க, அது மேலோட்டமான கீறல், பெயின்ட் மட்டும் உரசினது. அதுக்கு உள்ள, எல்லா இடத்துலயும் இல்லாம சில இடத்துல மட்டும், கறுப்பு கலந்த டார்க் பிரவுன், அது இரும்பு வரைக்கும் போனது.

ஸ்பாஞ்சைக் கத்திரியால வெட்டாம பிய்ச்சு எடுங்க, வெட்டினா ஓரம் நேரா வந்து ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழும். பெயின்ட்ல தொட்டு, பேப்பர்ல ஒத்தி, கிட்டத்தட்ட ஒண்ணும் வரலங்கற நிலைக்கு வந்தப்புறம்தான் மாடலைத் தொடணும்.

சைஸ் கணக்கை மறந்துடாதீங்க. 1/35ல 1 மிமீ சிப் நிஜத்துல 35 மிமீ, அதாவது ரெண்டு விரல் அகலத்துக்குப் பெயின்ட் பேந்த இடம். 1/72ல அதே 1 மிமீ ஏழு சென்டிமீட்டரைத் தாண்டும்.

எங்க போடணும்? ஒரே ஒரு ஹேட்சை எடுத்துப் பாருங்க. ஆள் எங்க கால் வெச்சு ஏறுவான், எந்தக் கையால மூடியைப் பிடிப்பான், பூட்ஸ் எந்த விளிம்புல உரசும், மூடி தொறந்து பின்னாடி சாயறப்போ எந்த இடத்துல போய் இடிக்கும்? கைப்பிடி, உள் விளிம்பு, இடிக்கற அந்த ஒரு இடம், இது மூணுலயும்தான் பெயின்ட் போகும். கீல் பக்கம் யாரும் காலே வெக்கறதில்ல, அங்க சிப் வேண்டாம். இப்படியே ஃபெண்டர் (ட்ராக் மேல இருக்கற மட்கார்டு) முன் ஓரம், டூல் வெக்கற இடம், இன்ஜின் டெக்குக்கு ஏறற வழின்னு யோசிச்சுக்கிட்டே போங்க. எல்லா விளிம்புலயும் ஒரே அளவு சிப் போட்ட வண்டி பொம்மையாதான் தெரியும்.

வெள்ளி கலர் சிப் போடாதீங்க. பெயின்ட் போன ஸ்டீல் சீக்கிரமே பழுப்பாயிடும். பளபளப்பு நிக்கறது ஓயாம உரசிக்கிட்டே இருக்கற இடத்துல மட்டும்.

11. ஆயில் பெயின்ட்

ட்யூப்லேர்ந்து அட்டைல பிதுக்கி ஒரு மணி நேரம் விடுங்க. அட்டை எண்ணெயை உறிஞ்சுக்கும், பெயின்ட் மேட்டா காயும். அப்படியே எடுத்துப் போட்டா அந்த இடம் மட்டும் மினுங்கும், காயவும் ரொம்ப நாள் ஆகும்.

மேல்தகட்டுல வெள்ளையும் ஆக்கரும் சின்னச் சின்னப் புள்ளி, ஓரத்துல அம்பர் புள்ளி. ஒயிட் ஸ்பிரிட்ல லேசா நனைச்ச பிரஷால ஒவ்வொரு தகடா மெதுவா கலைச்சு விடுங்க. புள்ளி ரொம்ப சின்னதா இருக்கணும், ஒரு தகட்டுக்கு நாலைஞ்சு போதும். நெட்டுத் தகட்டுல ஒரு சிப்புக்குக் கீழயோ போல்ட்டுக்குக் கீழயோ முடி மாதிரி ஒரு கோடு, அதை ரெண்டு பக்கமும் பிரஷால ஒதுக்கி மெல்லிசாக்கிக்கிட்டே வந்தா வழிஞ்ச தடம் ஆயிடும். கோடு எங்கேர்ந்தாவது ஆரம்பிக்கணும், அதனாலதான் சிப்பிங் இதுக்கு முன்னாடி. வெறும் தகட்டு நடுவுல காரணமே இல்லாம ஆரம்பிக்கற வழிசல் கண்ணை உறுத்தும்.

எக்ஸாஸ்ட் சைலன்சருக்கு பர்ன்ட் சியன்னாவை அடியா வெச்சு, மேல ரெண்டு மூணு துரு பிக்மென்ட் ஈரத்துலயே ஒத்தி விடுங்க. மெல்லிசு தகடு, சூடு ஏறி ஏறி ஆறறது, பெயின்ட் நிக்கவே நிக்காது, அங்க துருவை அள்ளிப் போடலாம். ஆர்மர் தகட்டுல அதே அளவு துரு வராது.

ஆயில் காய ரெண்டு மூணு நாள். பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்றது இதுக்குதான் ரொம்பப் பொருந்தும், வண்டியை மூடி வெச்சுட்டு ட்ராக் பக்கம் போங்க.

12. ட்ராக்

ட்ராக்கைத் தனியா பண்ணுங்க. டார்க் பிரவுன் அடி, மேல மண் கலர் பிக்மென்ட், கடைசில உரசற இடத்துல உலோகப் பளபளப்பு. எங்க உரசும்? தரையைத் தொடற மேடு, உள்பக்கம் வீல் ஓடற தடம், வீல் நடுவுல போற கொம்போட பக்கவாட்டு, ஸ்ப்ராக்கெட் (ட்ராக்கை இழுக்கற பல்சக்கரம்) பல். 6பி பென்சிலைப் பேப்பர்ல தேச்சு அந்தத் தூளை விரல்ல எடுத்துத் தடவினா போதும், வெள்ளி பெயின்டைவிட இது நிஜ இரும்பு மாதிரி இருக்கும்.

ஆனா உங்க ட்ராக் முழுசும் இரும்புதானான்னு பாருங்க. ஷெர்மனோட டி48, டி51 ட்ராக் தரையைத் தொடற பக்கம் ரப்பர். அது தேஞ்சு வெளுத்த சாம்பல் ஆகும், பென்சில் தேச்சா அபத்தமா இருக்கும், நுனில இருக்கற கனெக்டர் மட்டும்தான் மின்னணும். சோவியத் டேங்க் டி-34 ட்ராக் வார்ப்பு ஸ்டீல், அங்க தாராளமா தேக்கலாம். பழைய சங்கிலி மாதிரி முழு ஆரஞ்சு துரு மட்டும் ஓடற வண்டிக்கு வேண்டாம், ரெண்டு கிலோமீட்டர் ஓடினாலே தேஞ்சு போயிடும்.

13. மேட் வார்னிஷ்

பிக்மென்டுக்கு முன்னாடி, பின்னாடி இல்ல. பிக்மென்ட் மேல வார்னிஷ் அடிச்சா பவுடர் தன்மை போய் கறை மாதிரி ஆயிடும், பாதி காணாமலே போகும். ஆயில் முழுசா காஞ்சிருக்கணும். ரெண்டு மூணு தடவை தூவற மாதிரி மெல்லிசா அடிங்க, காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்கற நாள்ல அடிக்காதீங்க, வெள்ளையா பூத்துடும்.

காஞ்சதும் ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. மேல்தகடும் பக்கத்தகடும் தனித்தனியா தெரியுதா? எல்லாம் ஒரே சாம்பலா தெரிஞ்சா ஆயில் ஸ்டெப்புக்குத் திரும்பிப் போய் மேல்பக்கத்தை இன்னும் வெளுக்கறதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

14. தூசி, மண்

இப்போ வீலையும் ட்ராக்கையும் மாட்டிடலாம், ஆனா மாட்டறதுக்கு முன்னாடியே ஹல் பக்கவாட்டுக்கும் சஸ்பென்ஷனுக்கும் முதல் மண் லேயர் போட்டுடணும்.

காஞ்ச மண் வெளுப்பு, ஈர மண் இருட்டு. வெளுத்ததுதான் முதல்ல, ஏன்னா அது பழசு, அகலமா மேல வரைக்கும் பரவியிருக்கும். இருட்டு மண் நேத்து பட்டது, ட்ராக் பக்கமும் வீல் ஓரமும் மட்டும். ஒவ்வொரு லேயரும் முன்னாடி போட்டதைவிடக் குறைஞ்ச இடத்துல நிக்கணும். ஒரே கலர்ல ஒரே கெட்டியா அப்பினா சிமென்ட் பூசின மாதிரி ஆயிடும்.

தூசிக்கு பிக்மென்டைக் காஞ்ச பிரஷால மூலை முடுக்குல வெச்சு, ஒயிட் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு பக்கத்துல விடுங்க, அது தானா ஊறி இழுத்துக்கும். ஆல்கஹால் வேண்டாம், அடில அக்ரிலிக் இருக்கு. ஈரமா இருக்கறப்போ ஒண்ணுமே போடாத மாதிரி இருண்டு தெரியும், உடனே இன்னும் அள்ளிப் போடாதீங்க. காஞ்சதும் வெளுத்து மேல வரும், முழுசா காஞ்சப்புறம்தான் போதுமா போதாதான்னு பாக்கணும்.

மண்ணுக்கு பிக்மென்ட், கொஞ்சம் பிளாஸ்டர் பவுடர், கொஞ்சம் அக்ரிலிக் ரெசின். இதைக் குட்டை முடி பிரஷ்ல எடுத்துப் பல்குத்தும் குச்சியால சுண்டி விட்டா தெறிச்ச புள்ளி கிடைக்கும். பேப்பர்ல சுண்டிப் பாத்துட்டு அப்புறம் வண்டில. தெறிப்பு ட்ராக் சுத்தற திசைல போகணும், அதனால பின் ஃபெண்டர்லயும் வண்டியோட பின் தகட்டுலயும்தான் ஜாஸ்தி, டரெட் மேல இருக்காது. ஆளுங்க ஏறற இடத்துல பூட்ஸ்ல வந்த மண் லேசா இருக்கலாம்.

15. கடைசி அரை மணி நேரம்

ஃப்யூயல் மூடியைச் சுத்தியும் வீல் ஹப்லயும் கொஞ்சம் ஈரக் கறை. ரா அம்பரோட எனாமல் க்ளாஸ் வார்னிஷ் ஒரு துளி கலந்து, மெல்லிசா ஒரு லேயர், காஞ்சப்புறம் அதுக்குள்ள இன்னும் சின்னதா ஒண்ணு. வண்டி முழுக்க மேட்டா இருக்கறப்போ இந்த ரெண்டு மூணு மினுக்கம்தான் கண்ணை இழுக்கும், அஞ்சுக்கு மேல போக வேண்டாம்.

மெஷின்கன்னுக்கு மேட் கறுப்பு மேல பென்சில் தூள். பெரிஸ்கோப் கண்ணாடிக்கும் லைட்டுக்கும் க்ளாஸ் ஒரு சொட்டு, மேட் வார்னிஷ் முடிஞ்சப்புறம்தான் இதைத் தொடணும், இல்லன்னா கண்ணாடி கண்ணு தெரியாம மங்கிடும்.

ஆன்டெனாவை எல்லாத்துக்கும் கடைசில ஒட்டுங்க. நீட்டி இழுத்த ஸ்ப்ரூ (கிட் பாகங்கள் மாட்டியிருக்கற பிளாஸ்டிக் சட்டம்) கம்பி, கை பட்டாலே ஒடஞ்சுடும். ஒட்டினப்புறம் வண்டியை ஹல்லுக்கு அடில பிடிச்சுத்தான் தூக்கணும், பக்கவாட்டுல விரல் பட்டா பிக்மென்ட்ல ரேகை விழுந்துடும்.